ஓ.டி. என்றால் ஆபரேஷன் மட்டும்தானா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நாள். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் மருத்துவர் ‘பி.டி., ஓ.டி. தொடரவும்’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்த சித்தி வெலவெலத்துப் போனார். “என்னடா இது, மறுபடியும் ஆபரேஷனா?”

பி.டி. என்றால் பிசியோதெரபி என்பது எங்களுக்குத் தெரியும். ஓ.டி.க்கு எங்கள் வீட்டில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று ஆபரேஷன் தியேட்டர், இன்னொன்று மாமா மில்லில் பார்க்கும் ஓவர்டைம். சீட்டில் இருந்தது மூன்றாவது ஓ.டி., அதாவது ஆக்குபேஷனல் தெரபி. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அதனோடு பழகியதில் ஒன்று தெரிந்தது. பேரைக் கேள்விப்பட்டவர்களிலும் பாதிப் பேர் அதைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். ‘ஆட்டிசம் பிள்ளைகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவார்களே, அதுதானே?’ என்பார் ஒருவர். ‘கூடை பின்னச் சொல்லிக்கொடுப்பார்கள்’ என்பார் இன்னொருவர். ‘பிசியோவுக்கு இன்னொரு பேர்’ என்பதுதான் அதிகம் கேட்டது.

‘தொழில்’ செய்யும் குழப்பம்

தமிழில் இதற்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ‘தொழில்’ என்றதும் வேலைவாய்ப்பு, சம்பளம் என்று மனசு போய்விடுகிறது. எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்கு எதற்குத் தொழில் சிகிச்சை, மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன தொழில் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பள்ளியில் இலக்கண வகுப்பை நினைத்துப் பாருங்கள். தொழிற்பெயர் என்று படித்தோமே: உண்ணல், உறங்கல், நடத்தல், விளையாடல். இதில் எதற்கும் யாரும் சம்பளம் தருவதில்லை. அந்தத் தொழில்தான் இந்தத் தொழில். காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒருவர் செய்கிற, செய்ய வேண்டிய, செய்ய ஆசைப்படுகிற எல்லாமே இதில் அடங்கும். பல் தேய்ப்பது, தலை பின்னுவது, பரீட்சை எழுதுவது, தறி ஓட்டுவது, கோலம் போடுவது, கோவிலுக்குப் போய் வருவது எல்லாமே. குழந்தைக்கு விளையாட்டுதான் தொழில்.

நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ பிறவிக் குறையாலோ இந்த அன்றாடக் காரியங்கள் தடைப்படும்போது, அவற்றை மறுபடி செய்யவைக்க அந்தக் காரியங்களையே மருந்தாகப் பயன்படுத்துவதுதான் ஓ.டி.

மூன்று கல் அடுப்பு

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கிராமத்து மூன்று கல் அடுப்பைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று கல்லும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் பானை நேராக உட்காரும். ஒரு கல் தாழ்ந்தால் பானை சாயும், உலை சிந்தும்.

ஓ.டி.யில் அந்த மூன்று கற்கள் ஆள், காரியம், இடம். பானை சாய்ந்தால், நாம் உடனே ‘ஆள்’ என்ற கல்லைத்தான் பார்ப்போம். ‘கையில் பலம் இல்லை, பலம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.’ அந்தக் கல்லை உயர்த்த முடிந்தால் உயர்த்தத்தான் வேண்டும், அதற்கான பயிற்சி உண்டு. ஆனால் அது முழு உயரத்துக்கு வராமலே போகலாம், வருவதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை உலை வைக்காமல் இருக்க முடியுமா? மற்ற இரண்டு கற்களைக் கொஞ்சம் மண்ணில் இறக்கினாலும் பானை நேராக நிற்குமே.

முழங்கால் தேய்ந்த ஒரு அம்மாவுக்குக் குளிப்பது சிரமம் என்று வைத்துக்கொள்வோம். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் ஆளை மாற்றுகிறோம். நின்று குளிப்பதற்குப் பதில் ஸ்டூலில் உட்கார்ந்து, நீளக் கைப்பிடி போட்ட மக்கால் மொண்டு ஊற்றிக்கொண்டால் காரியத்தை மாற்றுகிறோம். சுவரில் பிடிகம்பி வைத்து, தரையில் வழுக்காத பாய் போட்டால் இடத்தை மாற்றுகிறோம். முதலாவதற்கு மாதங்கள் ஆகும். மற்ற இரண்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே முடிகிற காரியம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தொழில் என்பது அன்றாடச் செயல், செயல் தடைப்படுவதற்கு ஆள், காரியம், இடம் மூன்றில் எதுவும் காரணமாகலாம், எந்தக் கல்லைத் தொட்டால் பானை நேராகும் என்று பார்ப்பதுதான் தெரபிஸ்டின் வேலை.

காபி ஆற்றுவதில் எத்தனை வேலை

எங்கள் வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் சின்னப் பெண். அப்பாவின் கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, “ஐயா, காலையில எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. “காபிதாம்மா. நானே ஆத்திக் குடிச்சாத்தான் எனக்குத் திருப்தி.” அவருக்கு இடது கை விழுந்திருந்தது. டவரா, டம்ளர் இரண்டையும் பிடித்து ஆற்ற இரண்டு கை வேண்டும். அந்தப் பெண் அதையே சிகிச்சையாக்கிவிட்டார்.

எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ஆனால் காபி ஆற்றுவதைப் பிரித்துப் பாருங்கள். டம்ளரின் விளிம்பைச் சுடாமல் பிடிக்க வேண்டும். கை மேலே போகும்போது தோள் நிலையாக நிற்க வேண்டும். ஊற்றுகிற கை சாயும் அதே வேகத்தில், ஏந்துகிற கை கீழே இறங்க வேண்டும். கண் அந்தக் கோட்டைத் தொடர வேண்டும். சூடு தெரிய வேண்டும். எப்போது நிறுத்துவது என்று மூளை சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். இப்படி ஒரு காரியத்தை அதன் துண்டுகளாக உடைத்து, எந்தத் துண்டில் தடை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர்.

அடுத்தது படிநிலைப்படுத்தல். காரியத்தை ஆள் எட்டுகிற உயரத்தில் வைத்து, மெதுவாக ஏற்றிக்கொண்டே போவது. முதல் வாரம் காலி டவராவை இடது கையால் பிடித்திருப்பது மட்டும்தான், வலது கை உதவிக்கு. பிறகு கேழ்வரகை ஒன்றிலிருந்து இன்னொன்றில் கொட்டுவது. தானியம் சிந்தினாலும் பொறுக்கிக்கொள்ளலாம். அப்புறம் பச்சைத் தண்ணீர், கடைசியில்தான் வெதுவெதுப்பான காபி. நடுவில் தரையெல்லாம் கேழ்வரகு. அம்மா பொறுமை இழந்த நாட்கள் உண்டு.

இதில் மூளைக்கு என்ன ஆகிறது? பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி சேதமாகிறது. அந்த இடம் திரும்ப முளைப்பதில்லை. ஆனால் பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு ஏற்கக் கற்றுக்கொள்ளும். இந்தத் திறனுக்கு மூளை நெகிழ்வுத்தன்மை என்று பெயர். புல்வெளியில் ஒற்றையடிப் பாதை எப்படி உண்டாகிறது? யாரும் போடுவதில்லை, ஆட்கள் நடந்து நடந்து தானாக விழுகிறது. மூளையிலும் அப்படித்தான். ஒரு தடத்தில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். அதிலும், போக வேண்டிய இடம் இருந்தால்தான் மனிதன் நடப்பான். ‘கையை இருபது தடவை தூக்குங்க’ என்றால் அப்பா எட்டில் நிறுத்திவிடுவார். காபி என்றால் நாற்பது தடவை ஆற்றினார்.

நடக்காத பாதையில் புல் மூடிவிடும் என்பதும் உண்மை. வலது கை நன்றாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதிலேயே செய்தால், இடது கைக்கு வரக்கூடிய கொஞ்ச நஞ்ச அசைவும் பயன்பாட்டுக்கு வராமல் போகும். அதனால்தான் சிலருக்கு நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையாலேயே வேலை செய்யச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது, கையில் ஓரளவு அசைவு மிஞ்சியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் பிசியோ?

இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள், நடுவில் மதில் ரொம்ப உயரமில்லை. தோராயமாகச் சொன்னால், கை காதுவரை உயர்வதற்குப் பிசியோ பாடுபடுவார். உயர்ந்த கை தலை வாருமா, சட்டைக்குள் நுழையுமா, உயராவிட்டால் வேறு எப்படித் தலை வாருவது என்பது ஓ.டி.யின் கவலை. பல நோயாளிகளுக்கு இரண்டும் வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று காசை மிச்சம் பிடிக்க நாங்களும் முதலில் யோசித்தோம்.

கூடை பின்னுவது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது

அது முழுப் பொய்யும் இல்லை. 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடி இந்தத் துறைக்கு முதல் சங்கம் தொடங்கினார்கள். கூட்டம் நடந்த வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன், ஒரு கட்டடக் கலைஞர். காசநோய் வந்து, பிறகு இடப்பக்கம் செயலிழந்து, தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டவர். கூட இருந்தவர்களில் வில்லியம் டன்டன் மனநல மருத்துவர். எலினர் கிளார்க் ஸ்லேகல் மனநோயாளிகளுக்குத் தினசரி ஒழுங்கைப் பழக்கியவர். முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கைவேலைகள் வழியாகப் பயிற்சி கொடுத்தபோது துறை வேகமாக வளர்ந்தது. கூடையும் நெசவும் அந்தக் காலத்து மிச்சம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கினார். 1952இல் ஓ.டி.க்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவ்வளவு பழைய துறை, இன்னும் டிஸ்சார்ஜ் சீட்டில் சித்தியைப் பயமுறுத்துகிறது.

நம் ஊரோடு இதற்கு ஆழமான தொடர்பு வேலூர் வழியாக. அங்கே சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்துவந்தார். நல்ல தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டுவார்கள். கட்டினால் மட்டும் போதாது, புது நாணை எப்படி இயக்குவது என்று மூளை கற்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. விரல் நிமிர்ந்துவிட்டது, சரி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோணல் கைக்கு விழுந்த பிச்சைகூட நிமிர்ந்த கைக்கு விழவில்லை என்று சிலர் வந்து நின்றார்கள். அதற்காகவே நவஜீவ நிலையம் என்ற இடம் உருவாகி, தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுத்தரப்பட்டது. உணர்ச்சியற்ற கை சுடுபாத்திரத்தையும் கூர்முனையையும் அறியாது என்பதால், காயம் படாமல் வேலை செய்கிற விதங்களையும் அங்கே பழக்கினார்கள்.

அதே வேலூரில், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறையையே அங்கு வளர்த்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டது, மூன்று கல்லில் காரியம் என்ற கல்லை மாற்றியதுதான்.

சின்னப் பிள்ளைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடமிருந்தே ஓ.டி. தொடங்கலாம். கை வாயருகே வரும்படி எப்படிப் படுக்கவைப்பது, பால் குடிக்கும்போது எப்படி ஏந்துவது என்பதெல்லாம் அதில் வரும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும்போது தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றுவது நம் வீடுகளில் சகஜம். புரையேற அதுவே வழி. தலை சற்று முன்னால் சாய, நேராக உட்காரவைத்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

பள்ளி வயதில் அதிகம் வருகிற புகார் கையெழுத்து. ‘கோழி கிறுக்கின மாதிரி எழுதுகிறான்’ என்று பெற்றோர் வந்தால், தெரபிஸ்ட் கையைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார். பெஞ்சு உயரமாக இருந்து கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு நிலையாக நிற்காது, நிலையில்லாத உடம்பில் விரல் நுணுக்கமாக இயங்காது. காலுக்கடியில் இரண்டு செங்கல் வைத்ததில் எழுத்து திருந்திய பிள்ளைகள் உண்டு. எல்லோருக்கும் செங்கல் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்த ஊஞ்சலுக்கு வருவோம். ஐம்புலன் தவிர நமக்கு இன்னும் சில உணர்வுகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்கிற உணர்வு அது. தலை சாய்வதைச் சொல்கிற உணர்வு உட்காதில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் மூளை ஒன்றுசேர்த்துப் புரிந்துகொள்வதற்குப் புலன் ஒருங்கிணைப்பு என்று பெயர். இந்தக் கருத்தை வளர்த்தவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. நிபுணர். சில குழந்தைகளுக்கு இந்தச் சேர்க்கை சரியாக நடப்பதில்லை. சட்டைக் கழுத்தில் உள்ள லேபிள் முள்ளாய்க் குத்தும், மிக்சி சத்தம் இடியாகக் கேட்கும். ஊஞ்சலும் பெரிய பந்தும் அதற்காகத்தான் இருக்கின்றன.

ஆனால் ஊஞ்சலில் ஆடி முடித்த பிள்ளை வீட்டில் தானாகச் சாப்பிடக் கற்றதா, வகுப்பில் உட்கார்ந்ததா என்று யாராவது கேட்க வேண்டும். வெறும் ஊஞ்சலோடு முடிகிற சிகிச்சை எனக்கு உவப்பில்லை. ஓ.டி. ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது. அப்படி வாக்குக் கொடுக்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வளர்கிற பிள்ளைகள்

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பதின்வயதில் தேவைகள் மாறுகின்றன. தானாகக் குளிப்பது, மாதவிடாய் நாட்களைச் சமாளிப்பது, பஸ் ஏறிப் போவது, கடையில் மீதிச் சில்லறை வாங்குவது. இங்கே ஓர் அழகான உத்தி உண்டு. பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குவது. டீ-ஷர்ட் போடக் கற்றுத்தரும்போது தலையையும் கைகளையும் நாமே நுழைத்துவிட்டு, வயிற்றுப் பக்கம் இழுத்துவிடும் கடைசி வேலையை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது பழகியதும் அதற்கு முந்தைய படி. முதல் நாளிலிருந்தே ‘நான் முடித்தேன்’ என்ற சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்கிறது. முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் திணறி அழுகையில் முடியும்.

உழைக்கிற வயது

இந்த வயதில் கைக்காயங்கள் அதிகம். பிரஸ் மிஷினில் நசுங்கியவை, தறியில் சிக்கியவை, கண்ணாடி அறுத்தவை. நாணைத் தைத்த பிறகு கையை அசைத்தால் தையல் பிய்யலாம், அசைக்காவிட்டால் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. இந்த இரண்டுக்கும் நடுவே கையை நிறுத்த, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை அந்தக் கைக்கென்றே வளைத்து, கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் செய்வார் தெரபிஸ்ட். தையற்காரர் அளவெடுத்துத் தைப்பதுபோல. பிறகு சுத்தியலோ கத்தரிக்கோலோ, அவர் பிழைப்புக்கு எது வேண்டுமோ அதை வைத்தே பயிற்சி.

மனநோயிலும் இதே வேலைதான். மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிட்டு, யாரும் பேசாமலே காதில் கேட்ட குரல்கள் அடங்கிய பிறகும், எழுந்து குளித்து வெளியே போகிற நாளின் ஒழுங்கு தானாகத் திரும்புவதில்லை. அதைத் துண்டு துண்டாகத் திரும்பக் கட்ட வேண்டும்.

வயதான காலம்

அப்பா இலையில் இடப்பக்கத்துக் கூட்டையும் பொரியலையும் தொடாமல் எழுந்துகொண்டே இருந்தார். ருசி பிடிக்கவில்லை போல என்று அம்மா வருத்தப்பட்டார். காரணம் வேறு. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இருக்காது. கண் தெரியும், மூளை பொருட்படுத்தாது. இலையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்து, ‘நாடா தெரிகிறவரை திரும்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்க’ என்று பழக்கினார் அந்தத் தெரபிஸ்ட் பெண். இது தெரியாமல் எத்தனை வீடுகளில் எத்தனை சண்டையோ.

பார்வை மங்கியவர்களுக்கும் இலைதான் உதவியது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு அவர்களுக்குத் தெரிவதில்லை. பச்சை இலையிலோ அடர்நிறத் தட்டிலோ வைத்தால் தெரியும். படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் கோடு இழுப்பதும் இதே கணக்குதான்.

விழுவதுதான் முதுமையில் பெரிய பயம். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி, நிலைப்படி, ஈரத் தரை, காலில் தட்டும் மிதியடி என்று தெரபிஸ்ட் வீட்டையே நோயாளிபோலச் சோதிப்பார். மறதிநோய் உள்ளவர்களுக்குப் புதிதாகக் கற்பிப்பதைவிடப் பழைய கைப்பழக்கத்தைக் காப்பாற்றுவது பயன் தரும். பேரன் பெயர் மறந்த பாட்டி, கீரை ஆய்வதை மறந்திருக்க மாட்டார்.

வாழ்க்கையின் எந்தக் கட்டத்திலும் கற்கள் அதே மூன்றுதான். குழந்தையிடம் ஆள் என்ற கல்லை உயர்த்த நிறைய வாய்ப்பு. வயதாக ஆக, காரியத்தையும் இடத்தையும் தாழ்த்துவது கூடும்.

முதல் நாள் போகும்போது

தெரபிஸ்ட் பி.ஓ.டி. என்ற ஓ.டி. இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு மேல் படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துக்குள் ஓ.டி.யும் வருகிறது. ஸ்கேன் படங்களோடு, நோயாளி மறுபடி செய்ய ஆசைப்படும் மூன்று காரியங்களை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகள் சொல்வதும் அவர் சொல்வதும் பெரும்பாலும் வேறாக இருக்கும். அப்பா நடக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன், அவர் காபி என்றார்.

குளியலறை, கழிப்பறை, கட்டில், வாசற்படி நான்கையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவுகளின் அகலத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் சக்கர நாற்காலியை வாங்கிக் கொண்டுவந்து, அது கழிப்பறைக் கதவில் மாட்டிக்கொண்ட பிறகுதான் டேப்பைத் தேடினோம்.